மாவுக்கட்டும் பற்று நோட்டும்

ஆடி மழையில் சொந்தக் கடைப்படியிலேயே வழுக்கி விழுந்தார் அவர். கேரள ஏலமலையில், வண்டன்மேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்; எனக்குப் பல வருடப் பழக்கம். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஈரச் சாக்கில் கால் வைத்தார். கட்டப்பனைக்குக் கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தபோது இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பிலும் முறிவு. எலும்பு விலகவில்லை, ராடு வேண்டாம், மாவுக்கட்டே போதும் என்றார் டாக்டர். மூன்று மாதம், ஒருவேளை நாலு.

அன்று இரவு வீட்டில் காகிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினார்கள். வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு, 2 லட்சம். ஸ்கூட்டர் இன்சூரன்ஸோடு சேர்ந்த விபத்துக் காப்பு, 15 லட்சம். ஆயுள் காப்பீட்டில் விபத்துச் சேர்க்கை, 5 லட்சம். மைத்துனர் கூட்டிப் பார்த்து, "22 லட்சம் இருக்கு மாமா, கவலைப்படாதீங்க" என்றார். அந்த 22 லட்சத்திலிருந்து நாலு மாதத்தில் கடைக்கு வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாக் காகிதமும் சொன்னபடியே நடந்துகொண்டது. அந்தக் காகிதங்கள் என்ன சொல்கின்றன என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். வண்டன்மேடு, புற்றடி, அணக்கரை, கம்பம் மெட்டு என்று இந்த மலையில் தனியாளாகக் கடை நடத்துகிற பலருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 20 ரூபாய்த் திட்டம். 2015-இல் 12 ரூபாயில் தொடங்கியது. 2022 ஜூன் முதல் 20. விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் இவற்றை இழந்தால், அல்லது ஒரு கண்ணும் ஒரு கையோ காலோ போனால் அதே 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். 'நிரந்தரமாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முறிந்து கூடுகிற எலும்பை இந்தத் திட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை. 20 ரூபாய்க்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. எல்லோரும் கட்ட வேண்டிய 20 ரூபாய்தான் அது; ஆனால் கால் முறிந்தவன் நம்பியிருக்க வேண்டிய 20 ரூபாய் அல்ல.

ஸ்கூட்டர், ஜீப் உரிமையாளருக்கான 15 லட்சமும் இதே ஜாதிதான். மரணம், உறுப்பு இழப்பு, பார்வை இழப்பு, நிரந்தர முழு ஊனம். அதுவும் வண்டியோடு தொடர்புள்ள விபத்தாக இருக்க வேண்டும். கடைப்படியில் விழுந்தவருக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆயுள் காப்பீட்டின் விபத்துச் சேர்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான்.

மருத்துவக் காப்பீடு வேறு விஷயம். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். தகுதியுள்ள குடும்பத்துக்கு இரண்டிலும் வருஷத்துக்கு 5 லட்சம் வரை. படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு அது பெரிய துணை. ஆனால் அந்தப் பணம் போவது ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரி பில் கட்டியாயிற்று என்பதால் கடை வாடகை நிற்காது, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி நிற்காது. காயம்பட்ட மனிதனுக்கு ஏற்படும் நஷ்டம் இரண்டு: வைத்தியச் செலவு ஒன்று, வராமல் போன வரும்படி இன்னொன்று. நம் திட்டங்கள் முதலாவதைப் பார்க்கின்றன. சாவையும் ஊனத்தையும் பார்க்கின்றன. நடுவே, உயிரோடு, ஊனமில்லாமல், கட்டிலில் கிடந்து தேறுகிற அந்த நாலு மாதத்தைப் பார்க்க ஆள் இல்லை.

இங்கே ஒரு விநோதம் உண்டு. அதே மழையில், அதே நாளில், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற அம்மா ஒருவர் வேலையில் விழுந்து கால் முறிந்திருந்தால் அவருக்குச் சட்டம் இருக்கிறது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஏலம், தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாத் தோட்டங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த ஏற்பாடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், மாதக் கூலியில் கால் பங்கைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முதலாளி தர வேண்டும். அதாவது, சட்டம் வைத்த உச்சவரம்புக்குள், மாதத்துக்குப் பாதிக் கூலி. கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் மெட்டு ஏறி வருகிற எத்தனை பெண்களுக்கு அது உண்மையில் கைக்கு வருகிறது என்பது தனிக்கதை. அதை எழுத இன்னொரு தலையங்கம் வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஓர் உரிமையாவது இருக்கிறது. கடைக்காரருக்குத் தரவேண்டிய முதலாளி யார்? அவரேதான். தன்னிடமே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நியூசிலாந்தில் 1974 ஏப்ரலில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். விபத்து யார் தப்பு என்று பார்ப்பதில்லை. வேலையில் விழுந்தாரா வீட்டில் விழுந்தாரா என்று பிரிப்பதில்லை. சொந்தத் தொழில் செய்பவரும் அதில் உண்டு; அவரும் அதற்குச் சந்தா கட்டுகிறார். முதல் வாரம் கழிந்ததும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வருமானத்தில் 80 விழுக்காடு வருகிறது. ஜெர்மனியில் விவசாயி படுத்துவிட்டால் விவசாயிகளுக்கான காப்பீட்டு அமைப்பு மாட்டைப் பார்க்கவும் பால் கறக்கவும் மாற்று ஆளையே அனுப்பி வைக்கும். நாளைக்கே இங்கே வந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்த நாலு மாதத்தைக் கணக்கில் எடுக்க முடியும் என்பதைச் சொல்கிறேன். அது தலைவிதி இல்லை.

சரி, இங்கே இப்போது கிடைப்பது என்ன? தனிநபர் விபத்துப் பாலிசி என்று ஒன்று இருக்கிறது. அதில் 'தற்காலிக முழு இயலாமை' என்ற பகுதியைச் சேர்த்து எடுத்தால்தான், தேறுகிற காலத்துக்கு வாராவாரம் பணம் உண்டு. பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு, 100 வாரம் வரை. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கும். 5 லட்சத்துக்கு எடுத்தவருக்கு வாரம் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் இந்தப் பகுதியைத் தானாகச் சொல்லமாட்டார். கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு சுருக்கும் இதில் உண்டு. எந்த வேலையும் செய்ய முடியாத நிலை என்பதே அங்கே 'முழு இயலாமை'. மாவுக்கட்டோடு கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தால், 'வேலை செய்கிறீர்களே' என்று கேள்வி வரலாம். தனியாளாகக் கடை நடத்துபவர் மூன்றாவது வாரமே கல்லாவுக்கு வந்துவிடுவார் என்பதை அந்தப் பாலிசி எழுதியவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு வேலை செய்யலாம் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வண்டி மோதிக் காயம்பட்டவர் கதை வேறு. அங்கே இன்னொருவர் தப்பு இருந்தால், அவர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, போன வரும்படியையும் கேட்கலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. "கட்டுப் பிரிச்சதும் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. அவசரச் சிகிச்சைக்கு 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று வந்திருக்கிறது: சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' உண்டு. எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை. நம் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். கம்பம் மெட்டுக்குக் கீழே இறங்குகிற கொண்டை ஊசி வளைவுகள் தமிழ்நாடு. மேலே ஏறியதும் கேரளம். விழுந்த வளைவு எது என்பதைப் பொறுத்துப் போலீஸ் ஸ்டேஷனும் மாறும், திட்டமும் மாறும்.

எவ்வளவு நஷ்டஈடு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவர் பாலாடைக்கட்டி விற்பவர். 1991-இல் விபத்து; இடது காலில் இரண்டு எலும்பும் இடது முன்கையில் ஒன்றும் முறிந்தன. நம் கடைக்காரர் மாதிரியேதான், கையைத் தவிர. காலில் 45 விழுக்காடு ஊனம் என்று சான்றிதழ். நீதிமன்றம் அதை நிதானமாகப் பிரித்துக் காட்டியது. காலுக்கு 45 என்றால் உடம்பு முழுவதற்கும் 45 ஆகாது. உடம்புக்கு இவ்வளவு என்றால் சம்பாதிக்கும் திறனுக்கும் அவ்வளவே என்று ஆகாது. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம்; அதே கை போன அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் அப்படியே தொடரலாம். ஆகவே, அந்த மனிதர் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசியில் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று வைத்தார்கள். அவருடைய வருமானத்தைத் தீர்ப்பாயம் மாதம் 900 ரூபாய் என்று எடுத்திருந்தது, கூலியாளின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி. உச்ச நீதிமன்றம் 1,500 ஆக்கியது.

அந்த 900-தான் கவனிக்க வேண்டிய எண். அவர் அதைவிட அதிகம் சம்பாதித்தாரா? சம்பாதித்திருப்பார். காகிதம் இல்லை. கடைக்காரரிடம் கணக்கு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் கூலியாள். அதற்கு மேல் ஒரு படி ஏற நீதிபதியின் இரக்கம் வேண்டும். வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி வரவு, மொத்த வியாபாரியின் பில் இவற்றை வரிக்காரருக்கான தொந்தரவு என்றே நினைக்கிறோம். கால் முறிந்த நாளில் அவை நமக்காகச் சாட்சி சொல்ல வருகின்றன.

கடைக்குத் திரும்புவோம். ஆடியில் விழுந்தார் என்றேன். ஏலக்காட்டில் அது எப்பேர்ப்பட்ட நேரம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். காய் எடுப்பு தொடங்குகிற காலம். அதிலிருந்து தை, மாசி வரை ஒரு சுற்று முடிந்தால் நாற்பது நாளில் அடுத்த சுற்று. கூலி புழங்கும், கோடையில் ஏறிய பாக்கியெல்லாம் இறங்கும். கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற கடைக்கு வசூல் காலமே இதுதான். அதுவும் ஏலக்காய் விலை ஒரு நிலையில் நிற்பதா? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. 2021-இல் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. விலை ஏறும்போது வசூல் செய்யாதவன், இறங்கும்போது யாரிடம் கேட்பான்?

அவருடைய வசூல் முழுவதும் ஒரு பற்று நோட்டில் இருந்தது. கல்லூரியில் படிக்கிற மகள் கடையைத் திறந்து உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தால் ஒரு பேர்கூடப் பேராக இல்லை. 'செவப்பு ஜீப்', 'லயம் 4', 'கண்ணாடி', 'மெட்டு அக்கா – பழசு', 'ராசு (குட்டை)', 'ராசு (மற்றவன்)'. எதிரே தொகை, சிலதில் சுழி, சிலதில் கோடு. அப்பாவுக்கு போன் செய்து கேட்டாள். மருந்து மயக்கத்தில் அவர் சொன்னதில் பாதி புரியவில்லை.

மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்தார். "பாப்பா, அப்பா நோட்டுல 'செவப்பு ஜீப்'னு போட்டிருப்பாரு, அது நான்தான். ஆயிரத்து இருநூத்து நாப்பது இருக்கும், பாரு." இருந்தது, பத்து ரூபாய் வித்தியாசத்தில். பத்து ரூபாய் அந்த அம்மா சொன்னதுதான் அதிகம். அவரே உட்கார்ந்து இன்னும் ஆறு பேரை அடையாளம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 'ராசு (மற்றவன்)' யார் என்பது கடைசிவரை இரண்டு ராசுகளுக்கும் தெரியவில்லை.

சிறு கடையில் காயம்படும்போது உடம்பைவிட முதலில் நிற்பது இந்த மாதிரி விஷயம்தான். எந்தச் சரக்கு யாரிடம் வாங்குவது, யாருக்கு எவ்வளவு வரை கடன், எந்த டிரைவர் சாயங்காலம் தருவான், எவன் தரமாட்டான், பிரிட்ஜ் கதவை எப்படி உதைத்து மூடுவது – எல்லாம் ஒரே தலையில் இருக்கிறது. தலை கட்டிலில் இருக்கிறது. பாக்கிக்காரரின் முழுப்பெயரும் போன் எண்ணும் எழுதி வைப்பதற்கு ஒரு மத்தியானம் போதும். அந்த மத்தியானம் கிடைக்காமலே பத்து வருஷம் ஓடிவிடுகிறது, எனக்கும் ஓடுகிறது.

வங்கி விஷயத்தில் மூன்று தகவல்கள் தெரிந்திருந்தால் போதும். கடைக் கணக்கை வேறொருவர் இயக்க 'மேண்டேட்' என்று ஒரு படிவம் உண்டு. மகளுக்கோ மனைவிக்கோ அதில் அதிகாரம் கொடுக்கலாம். கடை அவர்கள் பேருக்கு மாறிவிடாது. ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் யு.பி.ஐ. எண்ணையும் கடைப் பையனிடம் சொல்லி அனுப்புவதைவிட அது நூறு மடங்கு மேல். வலது கை முறிந்து கையெழுத்துப் போட முடியாவிட்டால், ரிசர்வ் வங்கியின் வழிமுறையே இருக்கிறது: பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகைகூடச் செல்லும், இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் சிலர் 'அப்படி ஒன்றும் இல்லை' என்பார்கள். இருக்கிறது, மேலாளரிடம் கேளுங்கள்.

மூன்றாவது தகவல், கடன் பற்றியது. முத்ரா கடனோ வேறெதுவோ, தவணை நின்று 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் பட்டியலில் ஏறும். ஏறிய பின் அடுத்த கடனுக்கு அலைய வேண்டியிருக்கும். காலெலும்பு கூடவும் மூன்று நாலு மாதம், வங்கி பொறுப்பதும் மூன்று மாதம். கட்டோடு கிடக்கும்போதே, டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகலை வைத்து, தவணையைத் தள்ளிக் கட்ட வழியுண்டா என்று எழுதிக் கேட்டால் பேச இடம் இருக்கும். வங்கியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அந்த இடம் சுருங்கிவிடும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கணக்குத் தாக்கலை மறந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்கவில்லையென்றாலும் 20. கடை பூட்டியிருக்கிறது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இனி உடம்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் நாம் கேட்கிற கேள்வி தப்பு என்பது தெரியும். "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்று கேட்கிறோம். அவர் மனத்தில் வேலை என்றால் நாற்காலி மேசை. நம் வேலையில் 50 கிலோ மூட்டை இருக்கிறது, பரண் ஏணி இருக்கிறது, வாசலில் பாசி பிடித்த படி இருக்கிறது. எத்தனை மணி நேரம் உட்காரலாம், காலை ஊன்றலாமா, எத்தனை கிலோ தூக்கலாம், ஏணியில் எப்போது ஏறலாம் என்று தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் வரும். மணிக்கட்டு முறிவுக்கு ஆறு வாரம் போதும் என்றால், கீழ்க்காலுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். சர்க்கரை இருந்தாலோ பீடி சிகரெட் இருந்தாலோ இன்னும் தள்ளும். கட்டுக் காலைத் தொங்கப்போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் சாயங்காலம் வீங்கும். எதிரே இன்னொரு ஸ்டூலோ அரிசிச் சாக்கோ போட்டு அதன்மேல் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம்.

அவரை எல்லோரும் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதில் நம்பிக்கை உள்ளவர்களோடு சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும்: போட்ட மாவுக்கட்டை நாமே பிரித்துவிட்டு அங்கே போவதும், அங்கே கட்டியதைப் பிரித்துவிட்டு இங்கே வருவதும் எலும்புக்கு ஆகாது. வைத்தியம் மாறினால் கூட வேண்டிய நாள்களும் முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த நாள்களுக்கு வாடகை கொடுப்பது கடை.

ஐப்பசியில் கட்டுப் பிரித்தார்கள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்ததால் மாற்றச் சொன்னேன். இந்த ஊர் ஈரத்துக்கு அது இன்னொரு விபத்து. கல்லாவில் உட்கார்ந்து பற்று நோட்டை எடுத்தார். புது நோட்டு. மகள் கையெழுத்து, எல்லாம் முழுப்பெயர், எதிரே போன் எண், வீடு, தேதி. நாலு பக்கம் புரட்டிவிட்டு ஒரு பேரில் விரலை வைத்து நிறுத்தினார்.

"யாருடி இது? இவ்வளவு கடன் குடுத்திருக்க. இந்தப் பேர்ல நமக்கு யாரையும் தெரியாதே?"

"அதாம்ப்பா, செவப்பு ஜீப்பு."